வால் வண்டிக்காரி

படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டிகளில் கூட்டமாகப் போகும் எங்கள் பயணங்களில் முதல் வண்டிக்குத் தலை என்று பெயர், கடைசி வண்டிக்கு வால். தலை ரோலண்ட். எல்லோருக்கும் முன்னால் முகாமுக்குப் போய் இடம் பிடிப்பது, மாலையில் எல்லோரையும் மடக்கு நாற்காலிகளோடு வட்டமாக உட்காரவைத்து மறுநாள் பாதையைச் சொல்வது, கூடவே தன் பழைய நகைச்சுவைகளைச் சொல்லிக் கழுத்தறுப்பது, எல்லாம் அவர் வேலை. வால் நானும் என் கணவன் டெஸ்மண்டும். காலையில் கடைசி வண்டி கிளம்பும்வரை முகாமை விட்டு நகரக்கூடாது. டயர் வெடித்தவர், சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர், மனைவியைப் பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டு வந்தவர், எல்லோரையும் வழியில் அள்ளிக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர வேண்டும். சம்பளம் கிடையாது, பயணம் இலவசம். இலவசம் என்று சொன்னால் போதும், டெஸ் நரகத்துக்கும் வண்டி எடுப்பான்.

நான் லோர்னா. இங்கிலாந்தில், பார்ன்ஸ்லியில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தினமும் கடைசி வரிசைவரை நடந்து, இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்து, எந்தப் பிள்ளையும் தூங்கிப்போய்விடவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேருந்தைப் பூட்டுவேன். அப்பேர்ப்பட்டவள்தான் இரண்டு வருஷத்துக்கு முன் நார்வேயில் ஒரு மனிதரை விட்டுவிட்டு வந்தேன். வந்ததோடு பொய்யும் சொன்னேன்.

அவர் பெயர் வின்ஃபோர்ட். வேல்ஸ்காரர், மனைவியை இழந்தவர், எழுபத்து நான்கு வயது. அவர் வண்டியின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குழு எண் ஒன்பது. நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஒரு காலையில் சும்மா ஜன்னலைத் தட்டி "கிளம்பலையா?" என்று கேட்டதற்கு, நார்வேக்காரர்களின் பழுப்புப் பாலாடைக்கட்டி பற்றி என்னை ஒரு மணி நேரம் நிற்கவைத்துப் பேசினார். அன்று வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெர்ரியைத் தவறவிட்டோம். டெஸ் மாலைவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கு நான்கு நாள் கழித்து, ஒரு கடல்கழியின் முனையில் தங்கியிருந்தோம். ஜூன் மாதத்தில் அங்கே இருட்டே கிடையாது. பகல்போலக் காயும் வெளிச்சத்தில் தூங்குவதற்காக எல்லோரும் முன் கண்ணாடிக்குப் பளபளப்பான உறையைப் போட்டு, ஜன்னல் திரைகளையும் இறக்கிவிடுவோம். உறை போட்ட வண்டியை யாரும் தட்டக்கூடாது. எங்கள் கூட்டத்தில் அது எழுதாத சட்டம். பக்கத்து வண்டி தீப்பிடித்து எரிந்தால்கூட, உறை போட்டிருந்தால் தட்டலாமா என்று இரண்டு பேர் யோசிப்பார்கள். அன்று காலை எட்டரைக்கு மற்ற எல்லா வண்டிகளும் போய்விட்டன. தண்ணீர்க்கரை ஓரம், பிர்ச் மரங்களுக்குப் பின்னால் ஒன்பது மட்டும் உறையோடு நின்றது. ஃபெர்ரி ஒன்பது நாற்பதுக்கு. டெஸ் அப்போதுதான் கழிவுநீரைக் கொட்டிவிட்டு வந்து, முகாம் வாசலில் எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தான்.

நான் அந்த வண்டியின் அருகே போய் நின்றேன். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, "ஒம்பது கிளம்பிட்டார், நாம போகலாம்" என்று டெஸ்ஸிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எழுந்து நிதானமாக அடுத்த ஃபெர்ரியில் வந்து சேரட்டும் என்றுதான் நினைத்தேன். இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. அதை டெஸ்ஸிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன்.

அவர் வந்து சேரவில்லை. மாலையில் ரோலண்ட் கேட்டபோது, எங்களுக்கு முன்னால் கிளம்பினார், பனிமலை பார்க்கச் சுற்றிக்கொண்டு போயிருப்பார் என்றேன். அப்படிச் சுற்றுவது எல்லோரும் செய்வதுதான். யாரும் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் முகாமின் சொந்தக்காரர் கதவை உடைத்துப் பார்த்தார். பக்கவாதம். இரண்டாம் நாள்வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள். போலீஸ் போன் செய்தது. ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்தேன். அவர் வாசலைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தேன், கை ஆட்டினார், போகும் வழியில் உடம்பு முடியாமல் திரும்பியிருப்பார் என்றேன். அதையே அவருடைய மகளிடமும் சொன்னார்கள். லோர்னா யாரையும் விட்டுவிட்டு வரமாட்டாள் என்று ஊரே சொல்லும். எனக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேர்தான். அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இந்த ஜூன் மாதம் அதே பயணம். டென்மார்க்கின் வடகோடித் துறைமுகத்தில் கப்பலுக்கு வரிசையில் நின்றபோது, அதே வண்டி எனக்கு முன்னால் வந்து நின்றது. பின் கண்ணாடியில் ஒன்பது. ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள்.

"லோர்னாதானே? நான் நெரிஸ். வின்ஃபோர்டோட பொண்ணு. அப்பா பாதியில விட்ட பயணத்தை முடிச்சுடலாம்னு வந்தேன். அதே எண் வேணும்னு ரோலண்ட்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"அப்பாவைக் கடைசியா பார்த்தது நீங்கதான்னு சொன்னாங்க. கை ஆட்டினாராமே. சிரிச்சாரா?"

"சிரிச்சார்" என்றேன். அந்த நொடியில் என் நாக்கை நானே பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் மாலை அது தொடங்கியது. நெரிஸ் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று, கழிவறைப் பெட்டியை எங்கே கொட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய வண்டியின் உள்ளிருந்து, திரை இறக்கிய ஜன்னலில், டொக், டொக், டொக் என்று மூன்று தட்டல் கேட்டது. அவசரமில்லாத தட்டல். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி.

"உள்ள யாரும்மா?"

"யாருமில்லியே. ஏன்?"

"நாய் எதுவும் வெச்சிருக்கியா?"

"எனக்கு நாயே ஆகாது. தும்மியே செத்துடுவேன்" என்று சிரித்தாள். மறுபடி மூன்று தட்டல். அவள் குழாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

எரிவாயுக் குழாய் குளிரில் சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு வண்டி என்றால் சத்தம் போடத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒன்பதாம் எண் வண்டிதான் கடைசியாகக் கிளம்பியது. மற்றவர்கள் எல்லோரும் போன பின்பும் உறையும் திரையுமாக நிற்கும். நான் பத்தடி தள்ளி நின்று காத்திருப்பேன். உள்ளிருந்து மூன்று தட்டல் வரும். கொஞ்ச நேரத்தில் நெரிஸ் கதவைத் திறந்து, "மன்னிச்சுக்கோங்க லோர்னா, நல்லா தூங்கிட்டேன்" என்பாள். நான் ஒருநாளும் தட்டவில்லை. டெஸ்ஸுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

"போய்த் தட்டேன். உனக்கென்ன கை வலிக்குதா?"

"உறை போட்டிருக்கா."

"முப்பது வருஷம் பிள்ளைங்களைக் காதைப் பிடிச்சு இறக்கினவ நீ. ஒரு கண்ணாடியைத் தட்ட இவ்வளவு பயமா?"

பயம்தான். அவனுக்கு எப்படிச் சொல்வேன்.

பத்தாம் நாள் ஒரு பெரிய ஃபெர்ரி. வண்டிகளைக் கீழ்த்தளத்தில் நெருக்கமாக நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே போக வேண்டும். கீழே யாரும் இருக்கக்கூடாது. வால் என்பதால் நான்தான் கடைசியாக ஏணிப்படிக்கு வந்தேன். கப்பல் பணியாள், ஆரஞ்சுச் சட்டை போட்ட இளந்தாடிக்காரன், ஒன்பதாம் வண்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"உங்க குழுதானே இது? உள்ள யாரோ இருக்காங்க. மேல வரச் சொல்லுங்க."

"அந்தம்மா மேல காப்பி குடிச்சிட்டிருக்கா. தனியாத்தான் வந்திருக்கா."

"அப்போ தட்டறது யாரு?" என்று கேட்டுவிட்டு வண்டியின் தகட்டை மூன்று முறை தட்டினான். உள்ளிருந்து மூன்று முறை பதில் வந்தது.

எனக்கு மட்டும் கேட்கிறது என்று ஒரு வாரமாக நம்பியிருந்தேன். மூளை கலங்கிவிட்டது என்றால் ஊருக்குப் போய் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அந்த வழியும் அடைபட்டது. ஒலிபெருக்கியில் அழைத்து நெரிஸை வரவழைத்தார்கள். அவள் கதவைத் திறந்தாள். படுக்கை, மேஜை, சின்ன அடுப்பு, காயப்போட்ட துண்டு. அலமாரிக்குள்கூட அவன் எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. படுக்கைக்கு மேலே இருந்த ஜன்னலின் பிளாஸ்டிக் திரை ஓரத்தில், விரல்முட்டி பட்டுப் பட்டு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது.

"தண்ணிக் குழாயா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் வேகமாகப் படியேறிப் போனான். நெரிஸ் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் அந்தக் கடல்கழி முனைக்கு வந்து சேர்ந்தோம். ரோலண்டிடம் கேட்டு, அப்பா நிறுத்திய அதே இடத்தை நெரிஸ் வாங்கியிருந்தாள். பிர்ச் மரங்கள், பின்னால் தண்ணீர். மறுநாள் காலை எட்டரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். ஃபெர்ரி ஒன்பது நாற்பதுக்கு. டெஸ் வாசலில் எஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பது உறையோடு நின்றது.

நான் பத்தடியில் நின்றேன். தட்டல் வரவில்லை. தட்டல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கால் நிமிடம் பொறுத்தேன், ஒரு நிமிடம் பொறுத்தேன். இவளும் உள்ளே கிடக்கிறாளோ என்று தோன்றியதும், சட்டமாவது மண்ணாவது, ஓடிப்போய்க் கதவைப் படபடவென்று தட்டினேன்.

கதவு உடனே திறந்தது. நெரிஸ் குளித்து, உடுத்தி, தலை வாரி, தயாராக நின்றாள்.

"தட்டிட்டீங்க" என்றாள். "உள்ள வாங்க. டீ போட்டு வெச்சிருக்கேன்."

மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வைத்திருப்பதுதான். இன்று எத்தனை மைல், எங்கே தண்ணீர் பிடித்தோம், யார் குறட்டை விட்டார்கள் என்று தினமும் எழுதுவார்கள்.

"இது அப்பா கடைசியா எழுதின பக்கம். இங்க வந்து நிறுத்தின சாயந்தரம். மீட்டர் 48,316 மைல். அவர் போனதும் வண்டியை லாரியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க. முதல் தடவை நான் சாவியைப் போட்டுத் திருப்பினப்ப மீட்டர்ல என்ன காட்டுச்சு தெரியுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. "அதே எண்" என்றேன்.

"அதே எண். ஒரு மைல்கூட ஓடல. வாசலைத் தாண்டவே இல்ல."

"உனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

"வண்டி நகரலைன்னு தெரியும். போனதைப் பார்த்தேன்னு நீங்க ஏன் சொன்னீங்கன்னு தெரியாது. அதுக்காகத்தான் வந்தேன். தினம் காலையில இந்தக் கட்டில்ல உக்காந்துகிட்டு, இன்னைக்காவது தட்டறாங்களான்னு காத்திருந்தேன்."

"அப்போ உள்ளேருந்து தட்டினது நீயா?"

அவள் முகம் மாறியது. "நான் எதையும் தட்டல" என்றாள்.

சொல்லிவிட்டேன். உட்காராமல், டீயைத் தொடாமல், நின்றபடியே சொன்னேன். ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று போனதைச் சொன்னேன். ரோலண்டிடம் சொன்ன பொய், போலீஸிடம் சொன்ன பொய், கை ஆட்டினார், சிரித்தார் என்று சொன்ன பொய், எல்லாம். அதோடு யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் இந்த ஜன்னலுக்குப் பக்கத்துல நின்னப்ப, உங்கப்பா உள்ளேருந்து தட்டினார்."

"எத்தனை தடவை?"

"மூணு. நான் அசையல. திரும்ப மூணு. என்னைப் பார்த்துட்டார், பேசறதுக்குக் கூப்பிடறார்னு நினைச்சேன். மாட்டினா ஒரு மணி நேரம் விடமாட்டார்னு நினைச்சேன். எரிச்சல்மா. வெறும் எரிச்சல். அங்கயே நின்னு, ஒம்பது கிளம்பிட்டார்னு சொல்லிட்டுப் போனேன்."

"அவருக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "வலது பக்கம் மொத்தமா விழுந்துடுச்சாம். அப்போ இடது கையாலதான் தட்டியிருக்கார்" என்றாள். "தூக்கத்துலயே போயிட்டாரா, இல்ல யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தாரா, ரெண்டு வருஷமா இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."

"ரோலண்ட்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். போலீஸ்லயும் சொல்றேன்."

"சொல்லுங்க, சொல்லாம போங்க, அது உங்க பாடு. எனக்கு நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். பத்து நிமிஷம் அவர் படுத்திருந்த இடத்துல படுங்க. நான் தண்ணிக்கரையில நிக்கறேன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? படுத்தேன். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். திரையின் ஓரத்தில் மயிரிழை அளவு வெளிச்சம் மட்டும். அதன் வழியாகப் பார்த்தால் தண்ணீர்க்கரையில் அவளுடைய சிவப்பு மேல்சட்டை தெரிந்தது. எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். எங்களுக்கு என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தக் கட்டிலில் நான் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வலது பாதம் மரத்தது. படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்துப் புரளப் பார்த்தேன். முழங்கால், இடுப்பு, தோள், எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. நெரிஸ் என்று கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது வார்த்தையாக இல்லை.

அப்போது சரளைக்கல்லில் யாரோ நடந்து வந்தார்கள். இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடக்கிற நடை. போன வருஷம் முழங்கால் அறுவை முடிந்ததிலிருந்து எனக்கு அந்த இழுப்பு இல்லை. அதற்கு முன் பத்து வருஷம் அப்படித்தான் நடந்தேன். நடை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. மூச்சு விடுவது கேட்டது. சலிப்போடு விடுகிற மூச்சு.

இடது கையைத் தூக்கி மூன்று முறை தட்டினேன். அதற்கே பலம் எல்லாம் போய்விட்டது. வெளியே கல்லில் கால் லேசாக அசைந்தது, ஆனால் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பவளுக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்தது. திரும்ப மூன்று முறை தட்டினேன். வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஒம்பது கிளம்பிட்டார், நாம போகலாம்" என்று என் குரல், ஒரு கண்ணாடி கனம் தள்ளி, தெளிவாகச் சொன்னது. பிறகு அந்த நடை இழுத்து இழுத்துப் போய்விட்டது. போகிற சத்தம் தேய்ந்து முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தியது நெரிஸ். உடம்பு பழையபடி அசைந்தது. எழுந்து உட்கார்ந்தேன். விரல்முட்டிகளில் தோல் கிழிந்திருந்தது.

"யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"வந்தா."

"தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"என்ன பண்ணினா?"

"நின்னா. கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம் போயிட்டா" என்றேன். நெரிஸ் என் பக்கத்தில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். வாசலில் டெஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.